ஆங்கிலம் கைவிட்ட சொற்கள்: முட்டை முதல் ஸ்டெப்னி வரை

‘உலகம் மறந்துபோன அழகான ஆங்கிலச் சொற்கள்’ என்று ஒரு பட்டியல் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். அதில் ‘ஏப்ரிசிட்டி’ கட்டாயம் இருக்கும். குளிர்காலத்தில் முதுகில் விழும் வெயிலின் கதகதப்பு என்று பொருள். அழகான சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் மறந்துபோவதற்கு முதலில் யாராவது அதைப் பேசியிருக்க வேண்டுமே! 1623இல் ஹென்றி காக்கரம் என்பவர் வெளியிட்ட ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. அதை வைத்து அந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதினார்களா, நாடகத்தில் ஒரு வசனம் வந்ததா என்று தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. லத்தீனில் வெயில் காய்வதற்கு உள்ள சொல்லை எடுத்து, ஆங்கில விகுதி ஒட்டி அவரே செய்துவிட்டிருக்கலாம் என்று அகராதிக்காரர்களுக்கே ஒரு சந்தேகம் உண்டு.

அது அப்படிப்பட்ட காலம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் படித்த ஆங்கிலேயர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாகச் சொற்களை இறக்கினார்கள். சாமானியனுக்கு ஒன்றும் புரியவில்லை. 1604இல் ராபர்ட் காட்ரி தொகுத்த முதல் ஆங்கில-ஆங்கில அகராதியே இப்படிப்பட்ட ‘கடினச் சொற்களை’ விளக்கத்தான் வந்தது. இந்தப் பந்தாவைக் கிண்டல் செய்தவர்கள் வைத்த பெயர், மைக்கூட்டுச் சொற்கள். அதாவது மைக்கூட்டை விட்டு வெளியே வராதவை. ஜான் சீக் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எதிர்த்திசையில் போனார். பைபிளின் மத்தேயு பகுதியை மொழிபெயர்த்தபோது லத்தீன் சொற்களைத் தள்ளிவிட்டு, நூறு வீரர்களின் தலைவனுக்கு ‘ஹண்ட்ரடர்’ என்றும், சித்தம் கலங்கியவனுக்கு ‘மூண்ட்’ என்றும் (சந்திரனால் பிடிக்கப்பட்டவன் என்ற கணக்கில்) தனி ஆங்கிலச் சொற்களைச் செய்தார். அவையும் நிற்கவில்லை. தனித்தமிழ் விவாதம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சண்டை ரொம்பவே பரிச்சயமாகத் தெரியும்.

ஆக, இணையப் பட்டியல்களில் வரும் ‘தொலைந்த சொற்களில்’ கணிசமானவை வாழ்ந்தே பார்க்காதவை. உண்மையில் தொலைந்தவை வேறு. அவை இவ்வளவு பகட்டாக இருக்காது. முட்டை, எடு, ஆள், படை மாதிரியான சாதாரணச் சொற்கள்.

முட்டையிலிருந்தே ஆரம்பிக்கலாம். இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன். 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் தொடங்கினார். 1490இல் அச்சிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். சில வணிகர்கள் தேம்ஸ் நதி வழியாகக் கப்பலில் கிளம்பி, இன்றைய நெதர்லாந்தில் உள்ள சீலாந்துக்குப் போகிறார்கள். காற்று இல்லாததால் இங்கிலாந்துக் கரையோரமே கப்பல் நின்றுவிடுகிறது. கரையில் இறங்கிச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று ஒரு வீட்டில் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர், “எக்ஸ் இருக்கிறதா” என்கிறார். வீட்டுக்கார அம்மாளோ, “எனக்குப் பிரெஞ்சு தெரியாதே” என்கிறார். கேட்டவருக்குக் கோபம் வருகிறது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் பக்கத்தில் நின்ற இன்னொருவர் “எய்ரென் வேண்டும்” என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கு விளங்குகிறது. இரண்டுக்கும் பொருள் முட்டைதான்.

‘எய்ரென்’ பழைய ஆங்கிலத்தின் வழியில் வந்த சொல். ‘எக்’, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து வட இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. காக்ஸ்டனின் காலத்தில் இரண்டும் ஒரே நாட்டில் புழங்கிக்கொண்டிருந்தன. “இந்தக் காலத்தில் ஒரு மனிதன் எதை எழுதுவது, எக்ஸ் என்றா எய்ரென் என்றா?” என்று அவர் புலம்புகிறார். அச்சடிப்பவனுக்கு அது நியாயமான புலம்பல். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கடைசியில் வைக்கிங் முட்டை ஜெயித்தது.

இப்படி நேருக்கு நேர் மோதித் தோற்ற சொற்கள்தான் அதிகம். ‘எடு’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘நிமன்’. நார்ஸிலிருந்து ‘டேக்’ வந்து அதைத் தள்ளிவிட்டது. ‘அவர்கள்’ என்பதற்கான தே, தெம், தெயர் மூன்றுமே நார்ஸ் சரக்கு. பொதுவாக ஒரு மொழி கடைச்சாமான்களின் பெயரைக் கடன் வாங்கும், பிரதிப் பெயர்களை வாங்காது. ஆங்கிலம் அதையும் வாங்கியது. பழைய சொல்லின் மிச்சம் ஒன்று மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் ‘லெட் எம் கோ’ என்கிறார்களே, அந்த ‘எம்’ தெம் என்பதன் சுருக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது ‘ஹெம்’ என்ற பழைய சொல்லின் தேய்வு. 1066இல் இன்றைய பிரான்சில் உள்ள நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்த பிறகு, அரண்மனை, நீதிமன்றம், படை எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயின. சொற்களும் கூடவே போயின. படைக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ஹெரெ’. அது போய் பிரெஞ்சு வழியில் ‘ஆர்மி’ வந்தது. ஆனால் ஹெரஃபோர்டு என்ற ஊர்ப் பெயரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது: படை ஆற்றைக் கடக்கும் துறை.

எனக்கு இதில் பிடித்ததே இந்த மிச்சங்கள்தான். சொல் போய்விடும், கூட்டுச்சொல்லுக்குள் மாட்டிய துண்டு மட்டும் யாருக்கும் தெரியாமல் பிழைத்திருக்கும். ‘நிமன்’ செத்தது, ஆனால் ‘நம்’, அதாவது மரத்துப்போன என்பது, அதன் இறந்தகால எச்சம். உணர்வு ‘எடுக்கப்பட்ட’ உறுப்பு என்று அர்த்தம். ஆண்மகனுக்கு ‘வெர்’ என்று ஒரு சொல் இருந்தது. ‘மேன்’ அப்போது ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மனிதர் என்றுதான் பொருள்பட்டது. பிறகு மேன் ஆண் பக்கம் சாய, வெர் காணாமல் போனது. ஓநாய் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்பதில் அதைப் பார்க்கலாம். இன்னொரு இடத்திலும் இருக்கிறது. யாரும் எதிர்பார்க்காத இடம். ‘வேர்ல்டு’, அதாவது உலகம். வெர் என்பதோடு ‘காலம், வயது’ என்ற சொல் சேர்ந்தது அது. மனிதனின் காலம் என்பதே உலகம் ஆகிவிட்டது.

மூக்குத் துளைக்கான ‘நாஸ்ட்ரில்’ நேராகவே மூக்கு, துளை என்ற இரண்டு சொற்கள். துளைக்கான ‘திரெல்’ செத்துவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘த்ரில்’ முதலில் ஊடுருவிக் குத்துவதைக் குறித்து, பிறகு உள்ளத்தைத் துளைக்கும் பரவசத்துக்குப் போய், இப்போது சினிமா போஸ்டரில் இருக்கிறது. ‘ரூத்’ என்றால் இரக்கம். இப்போது இரக்கமற்றவனைக் குறிக்கும் ‘ரூத்லெஸ்’ மட்டும்தான் உண்டு.

மாப்பிள்ளை கதை இன்னும் வேடிக்கை. மணமகனுக்குப் பழைய சொல் ‘பிரைட்கும’. பின்பாதியான ‘கும’ என்றால் ஆள். அந்தச் சொல் வழக்கொழிந்ததும் ‘பிரைட்கோம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ‘கோம்’ என்றால் என்னவென்று தெரியவில்லை. பொருள் தெரியாத சொல்லை நாக்கு சும்மா விடாது. 16ஆம் நூற்றாண்டில் தெரிந்த ஒரு சொல்லை அங்கே செருகிவிட்டார்கள்: ‘க்ரூம்’. பிரைட்க்ரூம் ஆயிற்று. க்ரூம் என்பவன் வேலையாள்; இன்றைக்கும் குதிரை தேய்க்கிறவனுக்கு அந்தப் பெயர் உண்டு. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

பழைய ஆங்கில அடையாளத்துக்காகக் கடைப் பலகையில் ‘யீ ஓல்ட்’ என்று போடுவார்கள். அந்த ‘யீ’ உண்மையில் ‘தி’தான். ‘த்’ ஒலிக்கு ஆங்கிலத்தில் ‘தோர்ன்’ என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ஆங்கில ஒய் மாதிரியே தெரிய ஆரம்பித்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தோர்ன் இல்லாததால், ஒய்யைப் போட்டுச் சமாளித்தார்கள். படித்தவர்கள் அப்போதும் ‘தி’ என்றே வாசித்தார்கள். ‘யீ’ என்று வாசிக்க ஆரம்பித்தது பின்னால் வந்தவர்கள்.

சொல் செத்ததில் ஆங்கிலத்துக்கு உண்மையான நஷ்டம் என்று நான் நினைப்பது ‘தவ்’. நீ என்று பொருள். ‘தீ’ என்றால் உன்னை, ‘தை’ என்றால் உன்னுடைய. பன்மைக்கு ‘யீ’ (கடைப் பலகை ‘யீ’ இல்லை, இது நிஜமான ‘யீ’), ‘யூ’. அப்புறம், பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து, மரியாதைக்குரிய ஒருவரிடமும் பன்மையில் பேசும் பழக்கம் வந்தது. நமக்கு விளக்கவே வேண்டாம். நீ, நீங்கள் விவகாரம்தான். யாரைத் ‘தவ்’ சொல்லலாம், யாரைச் சொன்னால் வம்பு என்பது அவர்களுக்கும் இருந்தது. 1603இல் கடலோடி வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக் நீதிமன்றத்திலேயே அவரைத் துரோகி என்று திட்டி, “உன்னை நீ என்றுதான் சொல்வேன்” என்கிற பாணியில் ‘தவ்’ என்பதையே வினைச்சொல்லாக்கி எறிந்தார். அரை நூற்றாண்டு கழித்து, ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் சபையார் கடவுள் முன் எல்லோரும் சமம் என்று பிரபுவையும் நீதிபதியையும்கூட ‘தவ்’ என்றே விளித்தார்கள். அடியும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள்.

ஆனால் வேறு பக்கம், யாரிடம் எதைச் சொல்வது என்ற குழப்பத்தில் ஜனங்கள் எல்லோரையும் ‘யூ’ என்று அழைப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘தவ்’ பொதுப்பேச்சிலிருந்து போய்விட்டது. வட இங்கிலாந்துக் கிராமங்களில், யார்க்‌ஷயர் பக்கம், ‘தா’ என்ற உருவில் பின்னாளிலும் கேட்டது.

இன்று ‘தவ்’ என்றாலே வானத்திலிருந்து ஒலிக்கும் கம்பீரச் சொல் என்று ஆங்கிலேயர்களே நினைக்கிறார்கள். பைபிளில் கடவுளை அப்படி அழைப்பதுதான் காரணம். அங்கே அது மரியாதைச் சொல் கிடையாது, வெறும் ஒருமை. நாம் முருகனை ‘நீ’ என்பது போல. அந்த ஒருமைக்கு 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் உருப்படியான வேலை இருந்தது. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோன் பேதுருவிடம் பேசும் இடத்தைப் பாருங்கள். சாத்தான் புடைக்கக் கேட்டது ‘யூ’, அதாவது சீடர்கள் எல்லோரையும். தான் வேண்டிக்கொண்டது ‘தீ’, அதாவது பேதுரு ஒருவனுக்காக. தமிழ் பைபிளில் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று பளிச்சென்று பிரிந்திருக்கும். ‘தவ்’ இல்லாத இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இந்த இடத்தில் ‘நீங்கள் எல்லோரும்’ என்று கூடுதலாக ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் அடிக்குறிப்பு.

இதுவரை சொன்னவை செத்த சொற்கள். பழைய ஆங்கிலம் படிக்கிறவனுக்கு இவற்றால் பெரிய ஆபத்தில்லை. தெரியாத சொல் வந்தால் நிற்போம், அகராதியைப் பார்ப்போம். மோசடி செய்பவை உயிரோடு இருப்பவை. அதே எழுத்து, அதே உச்சரிப்பு, ஆனால் உள்ளே பொருள் வேறு. அங்கே நாம் நிற்கவே மாட்டோம்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட் மாடத்தில் நின்று கேட்கும் கேள்வி உலகப் பிரசித்தம். கல்லூரி நாடகங்களில் ஜூலியட் நெற்றிக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் துழாவுவாள்; ரோமியோ எங்கே என்று தேடுகிறாளாம். ‘வேர்ஃபோர்’ என்பதற்கும் ‘எங்கே’ என்பதற்கும் சம்பந்தமில்லை. அதன் பொருள் ‘ஏன்’. நீ ஏன் ரோமியோவாக இருந்து தொலைத்தாய், பகையாளி வீட்டுப் பெயர் உனக்கு ஏன் வந்தது என்கிறாள். அடுத்த வரியிலேயே அப்பனையும் பெயரையும் துறந்துவிடு என்று கேட்பதைப் பார்த்தாலே புரியும்.

‘மீட்’ இன்னொன்று. இன்று இறைச்சி. அன்று எந்த உணவும் மீட்தான். காக்ஸ்டன் கதையில் வணிகர் முதலில் கேட்டதே ‘மீட்’. அதிலும் குறிப்பாக முட்டை. கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதர்களுக்கு விதை தரும் பூண்டுகளையும் கனிமரங்களையும் காட்டி, இவை உங்களுக்கு ‘மீட்’ என்கிறார். தமிழில் சரியாக ‘ஆகாரம்’ என்று இருக்கிறது. நம்மூர்ப் பக்கம் பழைய மிட்டாய்க் கடைப் பலகைகளில் ‘ஸ்வீட்மீட்’ என்று பார்த்து, சுத்த சைவக் கடையில் இது என்ன என்று யோசித்தவர்கள் இருக்கலாம். பழைய பொருள் அங்கே தங்கிவிட்டது, அவ்வளவுதான். இதே வழியில் ‘டியர்’ எந்த மிருகத்தையும் குறித்து, பிறகு மானோடு சுருங்கிவிட்டது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் ‘சின்ன டியர்’ என்று சொல்லும் இடம் உண்டு. எலியளவு மான் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ‘ஸ்டார்வ்’ என்றால் முன்பு எப்படியாவது சாவது, இப்போது பசியால் வாடுவது. ‘நைஸ்’ லத்தீனில் அறியாதவன் என்ற சொல்லிலிருந்து வந்து, நெடுநாள் முட்டாளைக் குறித்தது. இப்போது எதைப் பார்த்தாலும் சொல்லலாம்.

‘ப்ரிவென்ட்’ என்றால் தடுப்பது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். லத்தீனில் அது ‘முன்னே வருதல்’. கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்தப் பொருள்தான். உயிரோடு இருப்பவர்கள் மரித்தவர்களை ‘ப்ரிவென்ட்’ செய்ய மாட்டார்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் வருகிறது. தமிழில் ‘முந்திக்கொள்வதில்லை’. தடுக்க மாட்டார்கள் என்று வாசித்தால் இறையியலே தடம் மாறிவிடும்.

எல்லாவற்றையும் மிஞ்சுவது ‘லெட்’. விடு, அனுமதி என்று பொருள். இதே உருவத்தில் இன்னொரு வினைச்சொல் இருந்தது, பொருள் நேர் எதிர்: தடு. ஹாம்லெட், தன் அப்பாவின் ஆவியைப் பின்தொடர்ந்து போகும்போது, தன்னை ‘லெட்’ செய்பவனையே ஆவியாக்கிவிடுவேன் என்று மிரட்டுகிறான். அனுமதிப்பவனைக் கொல்வதாக யார் சொல்வார்கள்? தடுப்பவனைத்தான் சொல்கிறான். ஒரே உருவில் ‘விடு’வும் ‘தடு’வும் இருந்தால் பேச்சு நடக்காது. ஒன்று போக வேண்டியதுதான், தடு போனது. முழுக்கப் போகவில்லை. டென்னிஸில் சர்வ் வலையைத் தொட்டுக்கொண்டு விழுந்தால் ‘லெட்’ என்கிறார்களே, அது அந்தச் செத்த லெட்தான் என்பது பொதுவான கருத்து.

வேறொரு இடமும் உண்டு. உங்கள் வீட்டு பீரோவில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிட்டிருக்கும்: இதை வைத்திருப்பவரை ‘லெட்’டும் இடையூறும் இன்றிச் சுதந்திரமாகப் போக விட வேண்டும் என்று. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் அதே வாசகம், அப்படியே வந்திருக்கிறது.

சட்டம் இப்படித்தான்; பழைய சொல்லை விட மனம் வராது. ஆங்கிலத்தில் எழுதிய கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் நடுவில் ‘விட்னஸெத்’ என்று ஒரு சொல் வரும். வினைமுற்றில் வரும் அந்த ‘எத்’ விகுதி பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற லண்டன் பள்ளி ஆசிரியர் 1643லேயே, எழுதும்போது ‘லீடெத்’, ‘மேக்கெத்’ என்று எழுதினாலும் வாயில் வருவது ‘லீட்ஸ்’, ‘மேக்ஸ்’தான் என்று குறித்துவைத்திருக்கிறார். பத்திர எழுத்தர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

குடும்பப் பெயர்களும் அதே மாதிரி. தொழில் போனால் தொழிலின் பெயரும் போகும். பரம்பரைப் பெயர் மட்டும் நிற்கும். 2011 முதல் 2015 வரை இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த டங்கன் ஃப்ளெட்சரின் முன்னோர் யாரோ அம்பு செய்தவராக இருந்திருக்க வேண்டும். ஃப்ளெட்சர் என்றால் அதுதான். பாக்ஸ்டர் ரொட்டி சுடுபவர். வெப்ஸ்டர் நெசவாளி. அமெரிக்கர்கள் புரட்டும் வெப்ஸ்டர் அகராதியின் பெயரே ஒரு செத்த சொல்.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி சொல் செத்தாலும் வெளியே தள்ளாது. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் பேச்சு தொடங்கி, 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முதல் பதிப்பு முடிந்த வேலை அது. வழக்கொழிந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்திக் குறி போடுவார்கள், பார்ப்பதற்குச் சிலுவை மாதிரி இருக்கும். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் வழக்கில் உள்ள சொற்கள் 1,71,476; வழக்கொழிந்தவை 47,156. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்லறைத் தோட்டம்.

வழக்கொழிந்தது என்றால் எங்கே என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் ‘டிஃபிங்’ என்று ஒரு சொல் புழங்கியது. 1785இல் ஃபிரான்சிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதி, சாப்பாட்டு வேளைக்கு இடையில் தின்பதும் குடிப்பதும் என்று அதற்குப் பொருள் சொல்கிறது. அங்கே அது போய்விட்டது. கும்பெனிக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய அதன் பிள்ளை ‘டிபன்’ இல்லாமல் தமிழ்நாட்டில் காலை விடியாது. இட்லி டிபன், சோறு சாப்பாடு என்று க்ரோஸ் கனவிலும் நினைக்காத நுட்பமான வேறுபாட்டையும் நாம் சேர்த்துவிட்டோம்.

ஸ்டெப்னியும் அப்படித்தான். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடித்துத் தயாராக ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் பக்கத்திலேயே இதைக் கவ்வவைத்து வண்டியை ஓட்டிப் போகலாம். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அதையே சரக்குக்குப் பெயராக வைத்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க விற்றது. பிறகு கார் கம்பெனிகளே முழுச் சக்கரம் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தச் சரக்கு போனது, பிரிட்டனில் பெயரும் போனது. இங்கே எந்த ஊர் பஞ்சர் கடையிலும் “ஸ்டெப்னி இருக்கா சார்?” என்றுதான் முதல் கேள்வி. லனெல்லியில் போய் ஸ்டெப்னி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், தெருவுக்கு வழி சொல்வார்கள்.